டெக்ஸ்டா, பைனரியா? மருமகன் கேட்ட கேள்வி

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் தே-ஓ கொசோங் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், இப்போது ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் இன்டர்ன்ஷிப். படத்தில் ஃபைல்ஜில்லா என்ற கோப்பு அனுப்பும் நிரலின் மெனு: ஆட்டோ, ஆஸ்கி, பைனரி என்று மூன்று. கீழே ஒரு வரி: "மாமா, எதை அமுக்குறது? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பைனரி என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்தான். "பிடிஎஃப் எல்லாம் சரியா வந்துருச்சு மாமா. ஆனா வெளிநாட்டு ஆபீஸ்லேர்ந்து வர்ற பில் ஃபைல் மட்டும் ஒரே கிறுக்கல்."

தே ஆறிப்போனது. அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபி பழைய சங்கதி. அதன் முதல் வடிவத்தை 1971இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் விதிகள் ஆர்எஃப்சி 959 என்ற இணைய விதி ஆவணம், வெளிவந்தது 1985. அதில் எதையும் குறிப்பிடாவிட்டால் டெக்ஸ்ட் மோட்தான் (மெனுவில் ஆஸ்கி என்று இருப்பது இதுதான்; ஆஸ்கி என்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண் குறியீடு) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு கணினிக்கும் இன்னொரு கணினிக்கும் எழுத்துக் குறியீடே வேறு. அனுப்பியது பெரும்பாலும் எழுத்து. ஆகவே அது நியாயமான முடிவு. இன்றைக்கு நாம் அனுப்புவது படம், பிடிஎஃப், ஜிப். முடிவு மட்டும் அப்படியே நிற்கிறது. விண்டோஸின் கருப்புத் திரையில் பழைய எஃப்டிபி கட்டளையைத் திறந்தால் இன்னமும் டெக்ஸ்ட் மோடில்தான் ஆரம்பிக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது சுலபம். கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை, ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஓர் எண். பைனரி மோட் அந்த பைட்டுகளை எண்ணி எடுத்து, அதே வரிசையில் அந்தப் பக்கம் அடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. டெக்ஸ்ட் மோட் பார்க்கும். இது எழுத்துதான் என்று நம்பிக்கொண்டு, போய்ச் சேரும் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும்.

மாற்றுவது முக்கியமாக வரி முடிவை. யூனிக்ஸ், லினக்ஸில் ஒரு வரி முடிந்தது என்பதற்கு 10 என்ற ஒரே பைட். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு. மேக் ஓஎஸ் 9 வரைக்கும் ஆப்பிளில் வெறும் 13. டைப்ரைட்டர் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: உருளையை மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குத் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே ஏற்றுவது இன்னொரு வேலை. 13 முதல் வேலை, 10 இரண்டாவது. டெக்ஸ்ட் மோடில் அனுப்புகிறவர் தன் வரி முடிவை 13, 10 ஆக்கிக் கம்பியில் விடுவார். வாங்குகிறவர் அதைத் தன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

எழுத்துக் கோப்புக்கு இது உபகாரம். படத்துக்கு இது விஷம்.

ஏனென்றால் படத்துக்குள்ளும் 10 என்ற பைட் இருக்கும், வரி முடிவாக அல்ல, ஏதோ ஒரு நிறத்தின் பகுதியாக. சுருக்கப்பட்ட கோப்பில் 256 பைட்டுக்கு ஒன்று 10 ஆக இருக்கும் என்று சராசரியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு எம்பி கோப்பில் சுமார் 4,096 இடம். லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸுக்கு டெக்ஸ்ட் மோடில் இறக்கினால் அத்தனை இடத்திலும் ஒரு 13 செருகப்படும். பிடிஎஃப் என்றால் இன்னும் வேடிக்கை. எந்தப் பகுதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கு குலைந்தாலும் சில மென்பொருள்கள் சமாளித்துத் திறந்துவிடும். பக்கங்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பலர் பிரின்டரைத்தான் திட்டுவார்கள்.

எதிர்த்திசையில் சேதம் குறைவு போலத் தெரியும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு ஏற்றும்போது 13ம் 10ம் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் 13 பறிபோகும். இப்படி ஒரு ஜோடி 65,536க்கு ஒன்று; எம்பிக்குச் சுமார் 16. ஆனால் எனக்கு இதுதான் அதிகப் பயம். செருகியதைத் திரும்ப எடுத்துவிடலாம்: ஒவ்வொரு 10க்கும் முன்னால் ஒரு 13ஐ உருவினால் பழைய கோப்பு கிடைத்துவிடும். உருவியதைத் திரும்ப வைக்க முடியாது. மிச்சமிருக்கும் நாலாயிரம் 10களில் எந்தப் பதினாறுக்கு முன்னால் 13 இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மூலக்கோப்பு கையில் இல்லை என்றால் போச்சு.

இந்தத் தொல்லையை முன்கூட்டியே யோசித்தவர்கள் பிஎன்ஜி படவடிவத்தை உருவாக்கியவர்கள். எந்த பிஎன்ஜி கோப்பை எடுத்தாலும் முதல் எட்டு பைட் இதுதான்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 படவடிவத்தின் பெயர். மற்றவை பொறி. ஒரு பைட்டில் எட்டு பிட்; எட்டாவது பிட்டை வெட்டும் வழியில் போயிருந்தால் 137 மாறியிருக்கும். 13, 10 ஜோடியில் 13 காணாமல் போயிருந்தால் விண்டோஸிலிருந்து யூனிக்ஸுக்கு டெக்ஸ்ட் மோடில் வந்திருக்கிறது. கடைசி 10க்கு முன்னால் ஒரு 13 முளைத்திருந்தால் எதிர்த்திசை. 26 வேறு காரியத்துக்கு, டாஸ் திரையில் கோப்பைக் கொட்டினால் அந்த இடத்தோடு நிற்பதற்கு. எட்டே பைட்டில் இவ்வளவு அனுபவம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும்.

சரி, எழுத்துக் கோப்பைப் பைனரியில் அனுப்பினால் என்ன கெடும்? பெரும்பாலும் ஒன்றும் கெடாது, அசௌகரியம்தான். லினக்ஸிலிருந்து வந்த கோப்பை விண்டோஸ் நோட்பேட் முன்பெல்லாம் ஒரே நீள வரியாகக் காட்டும். 2018க்குப் பிறகு அதுவும் சரியாகிவிட்டது. எதிர்த்திசையில், விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகள் அடங்கிய எழுத்துக் கோப்பை) லினக்ஸில் ஏற்றினால் முதல் வரியின் கடைசியில் 13 ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்டை ஓட்டும் நிரலின் பெயரே தப்பு என்று அது அடம்பிடிக்கும். டாஸ்2யூனிக்ஸ் என்ற சின்ன நிரலை ஒரு தடவை ஓட்டினால் தீர்ந்தது.

இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் அவனுக்கு முதலில் பைனரி என்றேன். எழுத்தைப் பைனரியில் அனுப்பிய தப்பை அப்புறம் உட்கார்ந்து திருத்தலாம். படத்தை டெக்ஸ்டில் அனுப்பிய தப்பைத் திருத்த முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பைனரியில் வந்த கோப்பைச் சரிபார்ப்பது எளிது. இரண்டு பக்கமும் அளவு ஒன்றா, கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண் ஒன்றா என்று பார்த்தால் போதும். டெக்ஸ்ட் மோடில் 10,000 வரிக் கோப்பு விண்டோஸுக்கு வரும்போது 10,000 பைட் பெருத்துத்தான் வரும், வரவேண்டும். அப்போது பெருத்தது முறையாகவா, கோளாறாலா என்று எதை வைத்துச் சொல்வது? பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதே காரணத்தால் டெக்ஸ்ட் மோடில் நம்பகமில்லை. இந்தப் பக்கத்து பைட் கணக்கு அந்தப் பக்கத்துக் கணக்கோடு ஒத்துப்போகாது.

ஆட்டோ என்று ஒன்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆட்டோ கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. பெயரின் வாலை மட்டும் பார்க்கும். அந்த வால் தன் பட்டியலில் இருந்தால் டெக்ஸ்ட், இல்லாவிட்டால் பைனரி. வாலே இல்லாத கோப்பையும் ஃபைல்ஜில்லா சாதாரணமாக டெக்ஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு டிக் பெட்டி அமைப்புகளில் இருக்கிறது. ஆட்டோவை நான் நம்பாததற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு அறிவிப்பாளர் வாசிக்க வேண்டியதைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நோட்பேடில் "யூனிகோட்" என்ற பெயரில் சேமித்தால் அப்போது அது யூடிஎஃப்-16, யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் எழுதும் ஒரு முறை. நண்பர் ஒருவரின் லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து இறக்கினேன், ஆட்டோவில். முதல் வரி தமிழ். இரண்டாம் வரி சீனம். மூன்றாவது தமிழ். நான்காவது மறுபடியும் சீனம், நடுநடுவே கொரிய எழுத்து. பக்கத்து மேசை சீன நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் நிஜ எழுத்துதான். அர்த்தம்தான் ஒன்றும் இல்லை" என்றார்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. யூடிஎஃப்-16இல் ஒரு தமிழ் எழுத்துக்கு இரண்டு பைட். 'க' என்றால் 149, 11. வரி முடிவில் உள்ள 10க்கு முன்னால் டெக்ஸ்ட் மோட் ஒற்றை 13 ஒன்றைச் செருகியதும், அடுத்த வரி முழுக்க ஒரு பைட் நகர்ந்துவிடுகிறது. 149, 11 என்று படிக்க வேண்டியதை 11, 149 என்று படிக்கிறது கணினி. அந்த இடத்தில் இருப்பது ஒரு சீன எழுத்து. 'ம' கொரிய எழுத்தாகிவிடும். சொல்லுக்குப் பின்னால் வரும் இடைவெளியோ, அகலமே இல்லாத ஓர் இடைவெளிக் குறியாக மாறிவிடும், அதனால் சொற்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வரி முடிவில் இன்னொரு 13 செருகப்பட்டதும் கணக்கு மறுபடியும் இரட்டைப்படை. தமிழ் திரும்பி வந்துவிடும். ஒரு வரி விட்டு ஒரு வரி. அன்றைக்கு அதைப் பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். மறுபடியும் பைனரியில் இறக்கியதும் எல்லாம் ஒழுங்காக வந்தது.

இன்னொரு முறையான யூடிஎஃப்-8 ஆக இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அதில் 'க' 224, 174, 149. தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் கீழே வராது. 13உம் 10உம் உள்ளே ஒளிந்திருக்க வழியில்லை. வரி முடிவை மட்டும் மாற்றும் டெக்ஸ்ட் மோட் அதைத் தொடாது. அதற்கும் முந்தின காலத்துத் தமிழ் எழுத்துக் குறியீடான டிஸ்கியில் உள்ள கோப்புகள் யாரிடமாவது இருந்தால், அவையும் இந்த அளவில் தப்பிக்கும். தமிழ் எழுத்துகள் மேல்பாதியில், 128க்கு மேலே உட்கார்ந்திருக்கும். இதே சிங்கப்பூரில்தான் 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ்நெட்97 மாநாடு கூடி, ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்த நிலைமையைப் பற்றிப் பேசியது. ஆனால் ஆர்எஃப்சியின் எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் ஆஸ்கி என்பது ஏழு பிட். எட்டாவது பிட்டை எல்லா சர்வரும் மதிக்கும் என்று எழுதித் தர நான் தயாரில்லை. தமிழ்க் கோப்பு என்றால் பைனரி. வாதமே வேண்டாம்.

இதெல்லாம் அவனுக்குச் சொல்லி முடித்தபோது, "அப்ப அந்த பில் ஃபைல்?" என்றான். நியாயமான கேள்வி. பைனரிக்கு வக்காலத்து வாங்கும் என் கட்சி ஆட்டம் காண்பது அங்கேதான்.

அந்த வெளிநாட்டு அலுவலகத்தில் இருப்பது ஐபிஎம்மின் பழைய வம்சக் கணினி. அதில் எழுத்துக் குறியீடு ஆஸ்கி அல்ல, எப்சிடிக். நம் கணினியில் பெரிய ஆங்கில 'ஏ' 65, அங்கே 193. நமக்கு 5 என்ற இலக்கம் 53, அங்கே 245. வரி முடிவு என்ற வழக்கமும் கிடையாது. ஒரு பதிவு 80 பைட் என்றால் 80 பைட், அடுத்த பதிவு அதற்கடுத்த பைட்டில் தொடங்கும். தகவலைத் துளைகளாகப் பதிந்த பழைய துளையட்டையின் 80 நெடுவரிசை இன்னும் விட்டபாடில்லை. அதைப் பைனரியில் இறக்கினால் ஒன்றும் சிதையவில்லை, ஆனால் படிக்கவும் முடியாது. இங்கே டெக்ஸ்ட் மோட்தான் வேண்டும். எழுத்தையும் மாற்றும், ஒவ்வொரு பதிவுக்கும் வரி முடிவும் வைத்துத் தரும். வரி முடிவுக்காக இன்று டெக்ஸ்ட் மோட் தேவையில்லை என்பேன், எப்சிடிக்குக்காகத் தேவை.

மாற்றிப் பார்த்தான். பெயர் வந்தது, தேதி வந்தது, கன்டெய்னர் எண் வந்தது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரமும் சதவிகிதக் குறியும் அட் குறியும். 1,240 பதிவு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தது 1,251 வரி.

அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தொகையை அவர்கள் எழுத்தாக வைக்கவில்லை, பேக்டு டெசிமல். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசிப் பைட்டின் பின்பாதியில் கூட்டலா கழித்தலா என்ற குறி. 123.45 என்றால் மூன்று பைட்: 12, 34, அப்புறம் 5உம் குறியும். அந்தக் கடைசிப் பைட்டின் மதிப்பு 92: 5×16, கூட்டல் குறிக்கு 12. எப்சிடிக்கில் 92 நட்சத்திரக் குறி. டெக்ஸ்ட் மோட் விசுவாசமாக அதை ஆஸ்கி நட்சத்திரமாக, 42 ஆக மாற்றிவிடுகிறது. 42ஐ மறுபடியும் அதேபோலப் பிரித்தால் (2×16, மிச்சம் 10) 5 இருந்த இடத்தில் 2. ஆறில் முடிந்த தொகை சதவிகிதக் குறி, ஏழில் முடிந்தது அட் குறி. வரி கூடியதற்கும் இதுவே காரணம்: மாற்றும் அட்டவணையைப் பொறுத்து, 15 அல்லது 25 என்ற இலக்க ஜோடி ஒரே பைட்டில் விழுந்தால் அது வரி முடிவாகவே மாறிவிடும். நல்ல வேளை குறிகள் கண்ணில் பட்டன. யாராவது ஒரு நிரலை எழுதி அந்த 42ஐ அப்படியே தொகையாகப் படித்திருந்தால் பில் தப்பாகப் போயிருக்கும், சத்தமில்லாமல்.

எழுத்தும் பேக்டு டெசிமலும் கலந்த கோப்புக்கு இரண்டு மோடுமே உதவாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பைனரியில் இறக்கி, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்ற அமைப்பு விவரத்தை வாங்கி, இங்கே ஒவ்வொன்றாக மாற்றுவது. மற்றது, அனுப்புகிறவர்களே தொகையைச் சாதாரண இலக்கமாக விரித்து எழுதி, முழு எழுத்துக் கோப்பாகத் தருவது. அப்போது டெக்ஸ்ட் மோட் போதும். முதல் வழியில் அமைப்பு விவரம் மாறும் ஒவ்வொரு தடவையும் இன்டர்ன் பையன் உட்கார்ந்து நிரலைத் திருத்த வேண்டும். இன்டர்ன்ஷிப் முடிந்து அவன் போன பிறகு யார் திருத்துவது? இரண்டாவதைக் கேள் என்றேன். கேட்பதற்குத் தயங்கினான். "மரியாதையா ஒரு மெயில் போடு, அந்த நட்சத்திரத்தைப் படம் எடுத்து இணை" என்றேன்.

எஃப்டிபியே வேண்டாம், எல்லாவற்றையும் ரகசியமாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறலாமே என்று அவன் மேலாளர் கேட்டாராம். மாறத்தான் வேண்டும். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் திறந்த கடிதம் போலப் போகிறது. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021இலேயே அதைக் கைகழுவிவிட்டன. ஆனால் ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள் தரும் எஸ்எஃப்டிபியில் டெக்ஸ்ட் மோட் கிடையாது, எல்லாம் பைனரி. படத்துக்கும் பிடிஎஃப்புக்கும் நிம்மதி. எப்சிடிக்கை மாற்றும் வேலை மட்டும் வேறெங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும். மாறுவதற்கு முன்னால் அது யார் தலையில் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஜிப்பில் கட்டிப் பைனரியில் அனுப்புவதும் அப்படித்தான்: பாதுகாப்பு, ஆனால் எழுத்தை மாற்றித் தராது.

இப்போதைக்கு ஃபைல்ஜில்லாவில் பைனரியையே நிலையாக வைத்துக்கொண்டு, பில் இறக்கும்போது மட்டும் ஆஸ்கிக்கு மாற்றி, முடிந்த கையோடு பைனரிக்குத் திரும்பிவிடச் சொன்னேன். மோடை மாற்றியபின் மறந்துபோவதுதான் பாதி விபத்துக்குக் காரணம்.  ஆட்டோவை அவன் எடுத்துவிட்டான்.

வெளிநாட்டு அலுவலகம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் பதில் போட்டது. வியாழக்கிழமை மாலை அவனிடமிருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட். தொகை நெடுவரிசை முழுக்க வெறும் இலக்கம், இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி. கீழே அவன் எழுதியது: "1,240 வரி மாமா. எண்ணிப் பாத்துட்டேன்."